திண்ணையில் காத்திருந்த பொதி



சென்ற திருவருகைக் காலத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்தனர். பங்கு இல்லத்தின் வாயிலில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு கைம்பெண் நின்றுகொண்டிருந்தார். தேரிக்காட்டை ஒட்டிய நம் பகுதியில் பனையோலைப் பின்னல் தெரியாத வீடு குறைவு. அவரும் அவருடைய அண்டை வீட்டார் இருவரும் சேர்ந்து ஓலைப் பெட்டிகளும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான ஓலை விண்மீன்களும் முடைந்து வெளியூர்களுக்கு அனுப்பிப் பிழைத்து வருகின்றனர்.

“சாமி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தெரியாமல் சொன்ன பொய்யும் பாவமா?” என்றார்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அன்று. வீட்டுத் திண்ணையில், தம் மகளையும் அருகில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன செய்தி இது. மற்றவர்களுக்கும் பயன்படுமென்றால் எழுதுங்கள் என்று அவரே இசைவு தந்தமையால் இங்கு எழுதுகிறேன்.

சென்னையிலுள்ள ஒரு பள்ளியில் வெள்ளிக்கிழமையன்று கிறிஸ்து பிறப்பு விற்பனை விழா. அதற்காக 60 விண்மீன்களும் 30 சிறு பெட்டிகளும் வேண்டுமென்று பள்ளியிலிருந்து கேட்டிருந்தனர். மூன்று பெண்கள் இரவு பகலாக முடைந்து, ஞாயிறு மாலையே அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிவிட்டனர். வீட்டுக்கே வந்து பொதியை எடுத்துச் செல்லும் ஒரு தனியார் கூரியர் நிறுவனத்தில் மகள் தன் கைபேசி வழியாகப் பதிவு செய்தாள். திங்கள் மாலை 5 மணிக்குள் ஆள் வரும் என்று மறுமொழியும் வந்தது.

திங்களன்று காலை முதல் அந்த அம்மையார் திண்ணையை விட்டு எழவில்லை. பிற்பகல் 3 மணிக்குப் பள்ளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. “அனுப்பியாயிற்றா, அம்மா?” “அனுப்பிவிட்டேன், சிஸ்டர்” என்றார் இவர். பொதியோ அவருடைய வலக்கைப் பக்கம் திண்ணையில் இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் போகப்போகும் பொருள்தானே என்று அவர் எண்ணினார்.

ஐந்து மணி ஆயிற்று, ஆறும் ஆயிற்று. ஏழு மணிக்குக் கைபேசியில் ஒரு செய்தி வந்தது: ஆள் வந்ததாம், வீட்டில் எவரும் இல்லையாம்! செவ்வாயன்றும் அதே காத்திருப்பு, அதே செய்தி. புதனன்று செய்தியும் இல்லை. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தால் இயந்திரக் குரல் ஒன்றே விடையளித்தது. வியாழன் காலையில் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. “திங்களன்றே அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்களே, அம்மா” என்ற ஒரே கேள்வியோடு மறுமுனை ஓய்ந்தது. பள்ளியார் வேறிடத்தில் பொருள் வாங்கிக்கொண்டனர். ஏறத்தாழ 9,000 ரூபாய். மூன்று குடும்பங்களின் விழாச் செலவுக்கென்று வைத்திருந்த நம்பிக்கை அது.

ஆயினும் அவர் என்னிடம் பணத்தைப் பற்றிப் பேச வரவில்லை. “பணம் போனால் போகட்டும், சாமி. அந்த சிஸ்டர் இனி என்னைப் பொய்க்காரி என்றுதானே நினைப்பார்கள்?” என்பதே அவருடைய வேதனை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இது ஒரு பொதியைப் பற்றிய சிறு செய்திதானா? அல்லது நம் குடும்பங்கள் பலவற்றில் அன்றாடம் நடக்கும் ஒன்றா? எண்ணிப் பார்த்தபோது சில உண்மைகள் புலப்பட்டன. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

காற்றின் குற்றமும் வாக்கின் குற்றமும்

பொதிக்காகவும் மடலுக்காகவும் காத்திருப்பது நம் திருச்சபைக்குப் புதிதன்று. திருத்தூதர் பவுல் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதிப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் தாம் விட்டுவந்த போர்வையையும், நூல்களையும், குறிப்பாகத் தோற்சுருள்களையும் எடுத்துவருமாறு கேட்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடுமாறு வேண்டுகிறார். உலகையே சுற்றி வந்த திருத்தூதர், குளிருக்கு ஒரு போர்வையை எதிர்பார்த்துச் சிறையில் அமர்ந்திருந்தார்!

பிலிப்பியர் திருமுகத்திலோ பொதி சுமந்த ஒருவரையே காண்கிறோம். பிலிப்பி நகர மக்கள் தந்த உதவிப் பொருள்களைப் பவுலிடம் கொண்டுவந்து சேர்த்தவர் எப்பப்பிராதித்து. அப்பணியில் அவர் நோயுற்றுச் சாவின் விளிம்புவரை சென்றார். அவரை மகிழ்ச்சியோடு வரவேற்று, அவரைப் போன்றவர்களுக்கு மதிப்பளிக்குமாறு திருத்தூதர் பரிந்துரைக்கிறார். பொதி கொண்டுவந்தவரின் உழைப்பும் மறைநூலில் இடம்பெற்றிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

நம் கடற்கரைக்கே வருவோம். 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறிய புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதத்தில்தான் கோவாவில் இறங்கினார். பயணம் 13 மாதங்கள்! அவருடைய மடல்களும் அதே கடலில், அதே காற்றில்தான் போய்வந்தன. 1544-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறையில் உழைத்தபோது, மணப்பாடு, புன்னைக்காயல் முதலிய ஊர்களிலிருந்து தம் துணைவர் பிரான்சிஸ் மன்சிலாசுக்கு அவர் எழுதிய மடல்கள் இன்றும் கிடைக்கின்றன. ஊருக்கு ஊர் ஆள் கையில் கொடுத்தனுப்பிய மடல்கள் அவை. ஐரோப்பாவிலிருந்த தம் சபைச் சகோதரர்களின் மடல்கள் அவருக்கு அரிதாகவே வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்த கையொப்பங்களை வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்துக்கொண்டிருப்பதாக 1546-இல் அம்போயினாத் தீவிலிருந்து எழுதினார்.

இன்னொன்றும் உண்டு. சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு அழைத்துப் புனித இஞ்ஞாசியார் 1553 ஜூன் 28 அன்று மடல் எழுதினார். சவேரியாரோ 1552 டிசம்பர் 3 அன்றே சீனாவின் கரையருகே சான்சியன் தீவில் இறந்துவிட்டார். இறந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும் அச்செய்தி உரோமையை எட்டவில்லை. அதற்கு யாரைக் குறை சொல்வது? கடலையா? காற்றையா?

இன்று கடலும் காற்றும் நம் பொதியைத் தடுப்பதில்லை. சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டி நாள் தவறாமல் ஓடுகிறது. அப்படியிருந்தும் ஒரு பொதி மூன்று நாள் திண்ணையிலேயே கிடந்ததென்றால், அதனைத் தடுத்தது காற்றன்று, வாக்கு. அன்று காற்று பொய்த்தது. இன்று சொல் பொய்க்கிறது. காற்றுக்கு மனச்சான்று இல்லை. சொல்லுக்கு உண்டல்லவா?

வராத வண்டியின் மறுபக்கம்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பின் ஒருநாள், கோவிலுக்கு வரவேண்டிய மெழுகுதிரிப் பொதியைக் கொண்டு ஓர் இளைஞர் வந்தார். பக்கத்துப் பங்கைச் சேர்ந்தவர். தண்ணீர் கொடுத்து அமரச் செய்து, பொதுவாகக் கேட்டேன்: “தம்பி, எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டு ஏன் வருவதில்லை?”

அவர் தலை குனிந்தார். “ஃபாதர், டிசம்பர் மாதத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் பொதிகள் கொடுக்க வேண்டும். கொடுத்த பொதிக்குத்தான் கூலி. எடுக்க வேண்டிய பொதி, எங்கோ தேரியின் கடைசியில் ஒன்றே ஒன்று இருக்கும். போய்வர ஒரு மணி நேரம். மாலையில் கணக்கை முடித்தே ஆக வேண்டும். எடுக்காத பொதிக்கு ஒரு காரணத்தைத் தொட்டால்தான் கைபேசி அடுத்த பக்கத்துக்குப் போகும். ஆள் இல்லை, முகவரி தவறு, பொதி ஆயத்தமாக இல்லை என்று பட்டியல் இருக்கிறது. ‘எனக்கு நேரமில்லை’ என்ற காரணம் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை, ஃபாதர்.”

நான் வாயடைத்துப் போனேன். அந்த இளைஞர் தீயவர் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்பவர். உண்மையைச் சொல்ல அவருக்கு இடமே வைக்கப்படவில்லை. “ஆள் இல்லை” என்று அவர் தொட்டார். “அனுப்பிவிட்டேன்” என்று இந்த அம்மையார் சொன்னார். ஒரே பொதியின் மேல் இரண்டு பொய்கள்! இரண்டையும் சொன்னவர்கள் ஏழை உழைப்பாளிகள். இருவருக்கும் மேலே, நிறைவேற்ற முடியாத வாக்கை விளம்பரம் செய்து விற்றவர்களோ, ஒரு பொய்யும் சொல்லாதவர்கள் போல் அமைதியாக இருக்கிறார்கள்.

இங்கே நீதியைப் பற்றி ஒரு சொல். தன் கையாள்கள் எத்தனை வீடுகளுக்குச் செல்ல முடியும் என்று அறிந்திருந்தும், அதற்கு மேலாக வாக்களிக்கும் முதலாளி, வாடிக்கையாளரின் நேரத்தையும் ஊழியரின் மனச்சான்றையும் ஒருங்கே களவாடுகிறார். நம் குடும்பங்களிலிருந்து தொழில் நடத்துவோரும் மேலாளராய் இருப்போரும் இதனைத் தங்கள் ஆன்மச் சோதனையில் சேர்த்துக்கொள்வார்களாக.

பொதி செல்லும் வழி

குறை கூறுவதோடு நின்றுவிட்டால் பயனில்லை. வீட்டிலிருந்தே தொழில் செய்யும் நம் மகளிர் பொதி செல்லும் வழியை அறிந்துகொள்வது நன்று.

இந்தியாவில் அஞ்சலகங்கள் 1,60,000-க்கும் மேல். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சிற்றூர்களில் உள்ளவை. நம் ஊரிலிருப்பது கிளை அஞ்சலகம். அது நாள் முழுவதும் திறந்திருப்பதன்று. கிராமிய அஞ்சல் ஊழியரின் பணி நேரம் நாளொன்றுக்கு 4 அல்லது 5 மணியே. குறித்த நேரத்தில் பை கட்டப்பட்டு அருகிலுள்ள துணை அஞ்சலகத்துக்குச் செல்லும். அங்கிருந்து பிரிப்பு நிலையத்துக்கும், பின் தொடர்வண்டி அல்லது சாலை வழியாக வெளியூருக்கும் செல்லும். ஆகவே நாம் அறிய வேண்டிய முதல் செய்தி அஞ்சலகம் திறக்கும் நேரமன்று. பை கட்டும் நேரம். பை கட்டிய ஐந்து நிமிடத்துக்குப் பின் கொடுத்த பொதி, ஒரு நாள் முழுவதும் அங்கேயே உறங்கும். சனிக்கிழமை பிற்பகலாயின் திங்கள்வரை உறங்கும். கூரியர் நிலையங்களுக்கும் இவ்வாறே வண்டி புறப்படும் நேரம் உண்டு.

அந்த அம்மையாரின் வீட்டிலிருந்து கிளை அஞ்சலகம் பத்து நிமிட நடை. திங்களன்று காலை அங்கே கொடுத்திருந்தால், அன்றைய பையிலேயே பொதி போயிருக்கும். “வீட்டுக்கே வருகிறோம்” என்ற இனிய சொல் அந்தப் பத்து நிமிட நடையை மறக்கச் செய்துவிட்டது.

அஞ்சல் முறைகளிலும் மாற்றங்கள் வந்துள்ளன. 1986 ஆகஸ்டு 1 அன்று தொடங்கப்பட்ட விரைவு அஞ்சலோடு, நம் பெரியோர் ‘ரிஜிஸ்டர் தபால்’ என்று வழங்கிய உள்நாட்டுப் பதிவு அஞ்சல் 2025-இல் இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய நினைவில் ‘ரிஜிஸ்டர்’ கேட்போர் இனி ‘ஸ்பீடு போஸ்ட்’ என்றே கேட்க வேண்டும்.

முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பலர் அலங்காரமாக எண்ணுகின்றனர். 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அந்த 6 இலக்கங்களே பொதியின் கண்கள். முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அது 6. முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டும். ஓர் இலக்கம் பிழைத்தால், ஊர்ப்பெயர் சரியாயிருந்தும் பொதி வேற்றூர் சுற்றிவரும்.

வீட்டுக்கு வேண்டிய ஒழுங்குகள்

எங்கள் மகளிர் குழுவினருடன் கூடிப் பேசி, தை மாதம் முதல் நாங்கள் கைக்கொள்ளும் சில ஒழுங்குகளைத் தருகிறேன்.

முதலாவது, பற்றுச்சீட்டு கைக்கு வரும்வரை “அனுப்பிவிட்டேன்” என்று சொல்லாதிருத்தல். “கட்டி வைத்திருக்கிறேன், இன்று மாலை எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், எடுத்ததும் எண்ணைத் தெரிவிக்கிறேன்” என்று உள்ளதை உள்ளவாறு சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. வண்டி வராமற்போனாலும் நம் வாக்கு தவறாது. பெறுபவரும் காலத்தே மாற்று வழி தேடிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பற்றுச்சீட்டைப் பேணுதல். விரைவு அஞ்சல் சீட்டில் 13 குறிகள் இருக்கும்: முதலில் 2 ஆங்கில எழுத்துகள், நடுவில் 9 இலக்கங்கள், இறுதியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ, என் என்னும் 2 எழுத்துகள். அந்த ஒன்பதில் கடைசி இலக்கம் முன்னுள்ள எட்டையும் சரிபார்ப்பதற்கென்றே கணக்கிட்டு இடப்படுவது. இவ்வெண் கையிலிருந்தால் பொதி எங்கே உள்ளதென்று கைபேசியிலேயே காணலாம். முறையீடு செய்வதற்கும் அதுவே சான்று. வெயில் பட்டால் சீட்டின் அச்சு மங்கிவிடும். ஆகையால் அன்றே ஒரு குறிப்பேட்டில் நாள், பெயர், எண், எடை, கட்டணம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒருமுறை வராத வண்டிக்காக இரண்டாம் நாளும் காத்திராமை. மாலை குறித்த நேரம் கடந்துவிட்டால், மறுநாள் காலை பை கட்டுமுன் பொதியை நாமே எடுத்துச் செல்வது. முதல் பதிவை நீக்கிவிடவும் மறக்கலாகாது. நம்பிக்கை நற்பண்பே, ஆனால் ஒரு நாள் ஏமாற்றத்துக்குப் பின்னும் திண்ணையிலேயே அமர்ந்திருப்பதை நம்பிக்கை என்று சொல்ல முடியாது.

நான்காவது, பெட்டியின் அளவைக் கவனித்தல். ஓலைப் பொருள்கள் எடை குறைந்தவை. இடம் மிகுதியாய் அடைப்பவை. கூரியர் நிறுவனங்கள் பலவும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோவை மெய்யான எடையோடு ஒப்பிட்டு, எது மிகுதியோ அதற்கே கட்டணம் பெறும். 40, 30, 30 சென்டிமீட்டர் கொண்ட பெட்டிக்கு அது 7.2 கிலோ, உள்ளே இருப்பது 2 கிலோவாயினும் 7.2 கிலோவின் கட்டணமே. ஆகவே சிறு பெட்டிகளைப் பெரியவற்றின் உள்ளே அடுக்குதல் நன்று. ஓலை நன்கு காய்ந்தபின் கட்டாவிடில் வழியிலேயே பூசணம் பிடிக்கும். கருப்பட்டி அனுப்புவோர் ஈரம் புகாத உறையில் இட்டு, அதன்பின் ஓலைப் பெட்டியில் வைப்பார்களாக.

ஐந்தாவது, ஒன்றுகூடுதல். தேரியின் கடைசியில் கிடக்கும் ஒற்றைப் பொதியை எடுக்க வண்டி வராது. ஒரே இடத்தில் இருபது பொதிகள் இருந்தால் வரும். இப்பொழுது செவ்வாய், வெள்ளி இரு நாள்களிலும் காலை 9 மணிக்குள் எல்லாப் பொதிகளும் பங்கு மன்றத்துக்கு வந்துவிடுகின்றன. குழுவினர் இருவர் எடை போட்டு, முகவரி சரிபார்த்து, ஆட்டோவில் ஏற்றித் துணை அஞ்சலகத்துக்குக் கொண்டு செல்கின்றனர். செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் ஒருவர் முறைவைத்து எண்களைப் பெறுபவருக்குக் கைபேசியில் அனுப்புகிறார். அன்பியக் கூட்டத்தில் நாம் பேசும் ஒன்றிப்பு இவ்வாறு மூட்டை தூக்குவதிலும் விளங்க வேண்டாமா?

ஆறாவது, விழாக் காலங்களில் ஒரு வாரம் முந்துதல். டிசம்பரில் எல்லா நிலையங்களும் பொதிகளால் நிரம்பி வழியும். வேண்டும் நாளுக்கு ஐந்து நாள் முன்னதாக அனுப்புவது வழக்கமாயின், அம்மாதத்தில் பன்னிரண்டு நாள் முன்னதாக அனுப்புவோமாக. அந்நாள் தாண்டிக் கேட்பவரிடம், “இனி இயலாது” என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

நம் வீட்டு வாயிலும் நம் அலுவலகமும்

வருகிறவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. ஆள் வந்து நிற்கும்போது, “ஐந்து நிமிடம் இருங்கள், இன்னும் கட்டவில்லை” என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! நாயைக் கட்டாமல் விட்டிருக்கிறோம். கதவிலக்கம் எழுதாமல், ‘கோவில் பின்புறம்’ என்று மட்டும் முகவரி தந்திருக்கிறோம். கொளுத்தும் வெயிலில் வந்தவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்ததுண்டா? எப்பப்பிராதித்துவை மதிக்கச் சொன்ன திருத்தூதரின் பிள்ளைகள் நாம்.

இவ்வளவும் எழுதிய பின் என் பக்கத்தையும் சொல்லாவிடில் நேர்மையன்று. சென்ற ஆண்டு ஓர் இளைஞர் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு என்னிடம் வந்தார். “நாளை வா” என்றேன். மறுநாள் நான் வேறு பணியாக வெளியே சென்றுவிட்டேன். அவர் மீண்டும் வந்தார், “நாளை” என்றேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் பெற்றுச் சென்றார். ஒவ்வொரு முறையும் அவர் ஒரு நாள் கூலியை இழந்தார் என்பதை நான் கேட்கவும் இல்லை. அவர் சொல்லவும் இல்லை. வராத வண்டியின் மேல் சினம் கொண்ட அன்றிரவு, அந்த இளைஞரின் முகம் என் கண்முன் வந்து நின்றது. என் உறக்கத்தைக் கெடுத்தது அதுவே. இப்பொழுது எங்கள் பங்கு அலுவலகக் கதவில், சான்றிதழ்கள் வழங்கும் நாளும் நேரமும் எழுதி ஒட்டப்பட்டுள்ளன. நான் இல்லாவிடினும் கையொப்பமிட்டு வைத்துச் செல்கிறேன்.

ஆம் என்றால் ஆம் என்றும், இல்லை என்றால் இல்லை என்றும் நம் பேச்சு இருக்க வேண்டுமென்று ஆண்டவர் மலைமேல் போதித்தார். அதனை ஆணையிடுதல் பற்றிய போதனை என்று குருமடத்தில் கற்றேன். ஓர் ஏழைப் பெண்ணின் திண்ணையில்தான் அதன் ஆழம் எனக்கு விளங்கிற்று. நம் ‘ஆம்’ என்னும் சொல்லை நம்பி இன்னொருவர் தம் ‘ஆம்’ என்னும் சொல்லை வேறொருவருக்குக் கொடுக்கிறார். முதல் ‘ஆம்’ பொய்த்தால், அதன்மேல் கட்டிய எல்லாம் சரிகின்றன. பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவரும் பொய்யராகிறார்.

அந்த அம்மையாருக்கு நான் சொன்ன விடையும் இதுவே: “ஏமாற்றும் எண்ணம் உங்களுக்கு இல்லை, அம்மா. ஆனால் நடக்கவிருந்ததை நடந்துவிட்டதாகச் சொன்னது உண்மையன்று. அதைச் சீர்செய்ய ஒரு வழி உண்டு. நடந்ததை ஒளிக்காமல் அந்த சிஸ்டருக்கு எழுதுங்கள்.”

அவர் எழுதினார். மகள் எழுதித் தர, கீழே தாமே கையொப்பமிட்டார். விண்மீன்களில் ஒரு பகுதியை நள்ளிரவுத் திருப்பலிக்குப் பின் நம் பங்கு மக்களே வாங்கிக்கொண்டனர். எஞ்சியவை இன்னும் பரணில் உள்ளன. அந்த நட்டம் நட்டமே, அதனை மறைப்பதற்கில்லை. தவக்காலத்தில் சென்னையிலிருந்து ஒரு மறுமொழி வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு 20 சிறு பெட்டிகள் வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அப்பெட்டிகள் ஒரு வெள்ளிக்கிழமை பங்கு மன்றத்திலிருந்து புறப்பட்டன. எண்ணை அனுப்பிய பிறகே, “அனுப்பிவிட்டேன், சிஸ்டர்” என்று அவர் தொலைபேசியில் சொன்னாராம். அதை என்னிடம் கூறியபோது அவர் முகத்தில் மலர்ச்சியைக் கண்டேன்.

புனித அந்தோனியாரின் துணை

பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் மடலுறையின் மேல் எஸ், ஏ, ஜி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைக் குறிக்கும் வழக்கம் இருந்ததைப் பெரியோர் நினைவுகூரலாம். புனித அந்தோனியார் வழிகாட்டுவாராக என்பதே அதன் பொருள். காணாமற்போனவற்றைக் கண்டடையச் செய்யும் அப்புனிதர், மடல்களையும் காப்பார் என்பது மக்கள் நம்பிக்கை. வாணிபத்துக்காகப் பெரு நாட்டுக்குச் சென்ற கணவரிடமிருந்து மடல் வராமல் வாடிய ஸ்பெயின் நாட்டு மங்கை ஒருத்தி, அந்தோனியார் சுரூபத்தின் கையில் தன் மடலை வைத்துவிட்டு வந்தாள் என்றும், பின்னர் அதே கையில் கணவரின் மறுமொழியைக் கண்டாள் என்றும் ஒரு மரபுக் கதை வழங்குகிறது.

எங்கள் குழுவினர் இப்பொழுது ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் ஒரு சிறு சிலுவை அடையாளம் இடுகின்றனர். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளும் பொதி அனுப்பும் நாளும் ஒன்றாய் அமைந்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சி. நானும் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்: அந்தோனியாரிடம் மன்றாடுங்கள், பை கட்டும் நேரத்துக்கு முன்பே சென்றும் விடுங்கள். வேண்டுதலைக் கேட்கும் புனிதர், பற்றுச்சீட்டு வாங்கவேண்டாம் என்று ஒருபோதும் சொன்னதில்லை.

அன்புக் குடும்பத்தாரே, இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள்: நம் வார்த்தையை நம்பி இன்று யாரேனும் திண்ணையில் காத்திருந்தார்களா? அப்படி ஒருவர் இருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக அவரிடம் செல்வோமாக.